‘இந்தியன் அன்ரிக்குவரி’யைத் தேடுவோர்க்கு

தென்னிந்திய வரலாறு பற்றியோ பழந்தமிழ் நூல்களின் காலம் பற்றியோ எழுந்த ஆராய்ச்சி நூல் எதனையேனும் எடுத்து, பக்கத்தின் அடியிலே சிற்றெழுத்தில் அமைந்திருக்கும் குறிப்புக்களை நோக்குவோர், ‘ஐ. ஏ.’ என்னும் ஈரெழுத்துச் சுருக்கத்தைப் பலகாற் கண்டிருப்பர். அச்சுருக்கத்தை அடுத்து உரோம இலக்கத்தில் ஓர் எண். அதனை அடுத்து ஒரு பக்க எண். வேறு விளக்கம் எதுவும் இராது. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றிலும் இக்குறிப்பு வருகின்றது. அவருக்கு முன்னும் பின்னும் எழுதினோர் நூல்களிலும் வருகின்றது. நம் மாணாக்கர் அதனைக் கண்டதும் கண்ணை மேலே உயர்த்திக்கொள்வர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. அக்குறிப்புச் சுட்டும் ஏடு எங்கேயிருக்கிறது என்று கேட்டால், தொலைவிலுள்ள ஏதோ ஒரு பெரிய நூல்நிலையத்தின் பூட்டிய அலுமாரியைத்தான் நெடுங்காலமாகக் காட்டவேண்டியிருந்தது.

இன்று நிலைமை வேறு. அவ்வேட்டின் அறுபத்திரண்டு தொகுதிகளுள் மிகப் பெரும்பாலானவை மின்வருடப்பட்டு, இணையவழி நூலகங்களிற் காசின்றிப் படிக்கக் கிடக்கின்றன. கிளிநொச்சியிலோ அட்டனிலோ இருக்கும் ஓர் ஆசிரியர், தம் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே, கைத்தொலைபேசியிற்கூட அவற்றைத் திறந்து படிக்கலாம். ஆயினும் படிப்போர் சிலர். படிக்க முயன்று இடைவழியிற் கைவிட்டோர் பலர். ஏடு இருக்கின்றது, அதனைச் சென்றடையும் வழிதான் பலருக்குத் தெரியாதிருக்கின்றது. அவ்வழியைப் பற்றியும், அவ்வழியே சென்றாற் கிடைக்கும் பொருளைப் பற்றியும் சிறிது கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘ஐ. ஏ.’ என்பது ‘இந்தியன் அன்ரிக்குவரி’ என்னும் ஆங்கிலச் சஞ்சிகையின் சுருக்கம். பழமையை ஆராய்பவன் என்பது ‘அன்ரிக்குவரி’ என்னுஞ் சொல்லின் பொருள். ‘கீழைத்தேய ஆராய்ச்சிச் சஞ்சிகை’ என்பதனைத் துணைப்பெயராகப் பூண்டு, தொல்பொருள், வரலாறு, இலக்கியம், மொழி, தத்துவம், சமயம், நாட்டார் வழக்கு எனத் தான் எடுத்துக்கொண்ட துறைகளையெல்லாம் முகப்பிலேயே அடுக்கிக்கொண்டு, 1872ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திற் பம்பாயிலே அது பிறந்தது. பிறப்பித்தவர் ஜேம்ஸ் பர்ஜஸ் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர். இவர் 1832இற் பிறந்தவர். 1855இற் கணித ஆசிரியராகக் கல்கத்தாவுக்கு வந்தவர். பின்னர்ப் பம்பாய்க்குச் சென்று ஆங்கும் கல்வித் தொழிலிலேயே இருந்தார். மேற்கிந்தியாவின் குகைக் கோயில்கள் அவர் மனத்தைக் கவர்ந்தன. அளவுகோலும் வரைபலகையுமாக அக்குகைகளிற் புகுந்தவர், இறுதியில் இந்தியத் தொல்பொருளளவைத் துறைக்கே தலைவராகி 1886 முதல் 1889 வரை அப்பதவியை வகித்தார். கணிதம் கற்பிக்க வந்த ஓர் ஆசிரியர் ஒரு பெருந் துறையை நடத்தும் நிலைக்கு உயர்ந்தார் என்பதில், ஆசிரியத் தொழில் செய்யும் நம் வாசகர் சிறிது பெருமை கொள்ளலாம்.

சஞ்சிகை அரசாங்கத்தார் தொடங்கியதன்று, தனிமனிதர் முயற்சி. 1884 வரையும் பர்ஜஸே அதன் ஆசிரியர். அடுத்த ஏழாண்டுகள் ஜோன் பெய்த்புல் பிளீற் என்பாரும் றிச்சேட் காணக் ரெம்பிள் என்பாரும் கூட்டாக நடத்தினர். பிளீற் சாசனங்களிலே மூழ்கியவர்; ரெம்பிள் படைவீரர், நாட்டார் கதைகளிற் பேரீடுபாடு கொண்டவர். 1892 முதல் ரெம்பிளே தலைமை ஏற்றார். அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் தலைமை ஆணையாளராகவும் அவர் இருந்தார். கைதிகளை அடைத்துவைத்த அத்தீவின் ஆட்சிப் பொறுப்பு ஒருபுறம், பம்பாயில் அச்சாகும் சஞ்சிகை மறுபுறம். ஒன்றுக்காக மற்றொன்றை அவர் விட்டுவிடவில்லை. 1931இல் உயிர் நீங்கும்வரை சஞ்சிகையோடு இருந்தார். அவர் மறைந்தபின் அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1933இல், அறுபத்திரண்டாந் தொகுதியோடு அது நின்றது. சாசன ஆராய்ச்சியாளர் வேதம்போற் போற்றும் ‘எபிகிராபியா இந்திக்கா’வும் முதலில் இச்சஞ்சிகையின் இணைப்பாகவே வெளிவந்தது என்பதனையும் இங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும். தாய்க்கு முன் பிள்ளை புகழ்பெற்றுவிட்டது.

உள்ளதை உள்ளவாறு சொல்வதானால், இவ்வறுபத்திரண்டு தொகுதிகளிற் பெரும்பகுதி தமிழோடு நேரான உறவுடையதன்று. குசராத்துச் செப்பேடுகளும், கன்னட நாட்டுக் கல்வெட்டுக்களும், வடமொழி நூல்களின் கால ஆராய்ச்சியும், பஞ்சாப்புக் கதைகளும் அவற்றை நிறைத்திருக்கின்றன. எழுதியோரும் தொடக்கத்திற் பெரும்பாலும் ஐரோப்பியரே: சிவில் உத்தியோகத்தர், படையினர், பாதிரிமார். ஆளுவோர் ஆளப்படுவோரைப் பற்றி எழுதிய எழுத்து என்ற நினைவோடுதான் அவற்றைப் படித்தல் தகும். சில பக்கங்களிற் காணப்படும் இறுமாப்பு இன்று நமக்கு நகைப்பையே தரும். ஆனால், முதற்றொகுதியிலேயே இந்திய அறிஞரின் குரலும் எழுந்துவிட்டது. பதஞ்சலியின் காலம் யாது என்பது பற்றி இராமகிருஷ்ண கோபால் பண்டார்க்கர் எழுதிய கட்டுரை அதிலே உண்டு. இராமாயணத்தில் ஓமரின் சாயலைக் கண்ட ஜெர்மானியர் வேபரின் ஆராய்ச்சி ஆங்கிலத்தில் வெளிவந்ததும் அதிலேதான். காசிநாத் திரிம்பக் தெலாங் என்னும் பம்பாய் அறிஞர் அடுத்த ஆண்டே அதற்கு மறுப்பாக ஒரு சிறுநூல் வெளியிட்டார். அச்சமின்றி எழுந்த மறுப்பு அது. வேபரைப் படியாமல் தெலாங்கைப் படித்தால் அம்மறுப்பின் வலிமை விளங்காது.

அதே முதற்றொகுதியில் நமக்கு அணித்தான இரண்டு செய்திகள் உள. ஒன்று, வடமொழி அகராதிகளிற் புகுந்துள்ள திராவிடச் சொற்களைப் பற்றிக் கிட்டெல் எழுதிய கட்டுரை. பிற்காலத்திற் பெருங் கன்னட அகராதியை இயற்றிய கிட்டெல்தான் அவர். வடமொழியிலிருந்து தென்மொழிகள் கடன்பெற்றன என்பதனையே எல்லோரும் பேசிய காலத்தில், கொடுத்த கடனும் உண்டு என்று கணக்குக் காட்டிய ஆரம்ப முயற்சிகளுள் அது ஒன்று. மற்றையது, இலங்கைச் சிவில் சேவையில் அப்பொழுது இருந்த றைஸ் டேவிட்ஸ், தேவேந்திரமுனைச் சாசனம் பற்றி எழுதியது. பாளி நூற் சங்கத்தைப் பின்னர் நிறுவிப் பெரும்புகழ் பெற்ற அவர், இளம் உத்தியோகத்தராக நம் நாட்டிலிருந்து எழுதிய எழுத்து என்பதால் அதற்குத் தனிச்சுவை ஒன்றுண்டு.

தமிழ்நாட்டைப் பற்றியும் தொடர்ந்து எழுத்துக்கள் வந்தன. கொற்கையிலும் காயலிலும் தாம் நடத்திய அகழ்வைப் பற்றி 1877இற் கால்டுவெல் எழுதினார். போப்பையர் திருக்குறளை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டது 1886இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே குறள் பற்றிய தம் குறிப்புக்களை இச்சஞ்சிகையில் எழுதிவந்தார். நடேச சாஸ்திரி தென்னாட்டுக் கதைகளைத் தொகுத்து அளித்தார். ‘தீனதயாளு’ முதலான நாவல்களைத் தமிழில் எழுதிய அதே நடேச சாஸ்திரிதான். மதுரை நாயக்கர் வரலாற்றை இரங்காசாரியார் பல தொகுதிகளில் நீள எழுதிச் சென்றார். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தை மைசூரிலே கண்டெடுத்த சாமசாஸ்திரி, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1905 முதல் உலகுக்கு வெளிப்படுத்தியதும் பெரும்பாலும் இதன் வாயிலாகவே.

இவையெல்லாவற்றினும் நம்மவர் தேடிப் படிக்கவேண்டியவை என யாம் கருதுவன மூன்று கட்டுரைகள். ‘தமிழ் வரலாற்று மூலங்கள்’ என்னும் பொருள்தரும் பொதுத்தலைப்பின் கீழ் வெளிவந்த அவற்றை எழுதியவர் வி. கனகசபைப்பிள்ளை. ‘ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்’ என்று தமிழில் வழங்கும் புகழ்பெற்ற ஆங்கில நூலின் ஆசிரியர் எனின் யாவர்க்கும் விளங்கும். சென்னையிற் பிறந்தவராயினும் அவர் யாழ்ப்பாணத்துக்கு அயலவரல்லர். அவருடைய தந்தையார் விசுவநாதபிள்ளை மல்லாகத்தைச் சேர்ந்தவர். வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி உருவானபோது அப்பணியிற் கைகொடுத்தவர். மகன் சட்டம் பயின்றும் தபாற் பகுதியில் உத்தியோகம் பார்த்தார். அவ்வேலையின் நடுவே பழந்தமிழ் நூல்களைப் பயின்று, 1906இல், ஐம்பதாம் வயதில் மறைந்தார்.

அவருடைய நூல் 1904இல் வெளிவந்தது. தமிழில் எழுதுவோர் ‘கனகசபைப்பிள்ளை கூறுவர்’ என்று எடுத்துக்காட்டுவதெல்லாம் பெரும்பாலும் அந்நூலிலிருந்தே. ஆனால் அதற்குப் பதினைந்து ஆண்டுகளின் முன்னரே, அவர் ‘களவழி நாற்பது’ பற்றி ‘இந்தியன் அன்ரிக்குவரி’யில் எழுதிவிட்டார். 1889ஆம் ஆண்டின் தமிழுலகத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றி இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. பத்துப்பாட்டுச் சாமிநாதையர் பதிப்பாக வெளிவந்தது அவ்வாண்டிலேயே. சிலப்பதிகாரம் முழுமையாக அச்சில் வருவதற்கு இன்னும் மூன்றாண்டு இருந்தது, புறநானூற்றுக்கு ஐந்தாண்டு. கணைக்கால் இரும்பொறையின் சிறையைப் பற்றிப் பேசும் புறப்பாட்டை இன்று ஒரு பள்ளி மாணவன்கூடப் புத்தகத்தைப் புரட்டிக் காண்பான். அன்று அது ஏட்டுச்சுவடியில் இருந்தது. அத்தகைய காலத்தில், சோழன் செங்கணானும் சேரமானும் பொருத களத்தைப் பாடிய ஒரு சிறு நூலை எடுத்து, இது வெறும் புகழ்ப்பாட்டன்று, வரலாற்றுக்குச் சான்றாகும் நூல் என்று, தமிழறியாத ஆராய்ச்சியாளர் முன் அவர் வைத்தார்.

இந்தக் கனகசபைப்பிள்ளையும் 1904ஆம் ஆண்டின் கனகசபைப்பிள்ளையும் ஒரே மனிதர்தாம். ஆயினும் கையிலிருந்த கருவிகள் வேறு. பின்னவர் முன்னே சிலப்பதிகாரமும் புறநானூறும் அச்சு நூலாகக் கிடந்தன. இலங்கைக் கயவாகு மன்னனின் காலத்தைக்கொண்டு சேரன் செங்குட்டுவன் காலத்தை அவர் கணித்ததும் அந்நிலையிலேதான். முன்னவரைப் படியாமல் பின்னவரை மாத்திரம் எடுத்தாளுவோர், ஒரு கருத்து எவ்வாறு முளைத்து வளர்ந்தது என்பதனைக் காணும் வாய்ப்பை இழக்கின்றனர். ஒருவர் எடுத்தாண்டதை இன்னொருவர் எடுத்தாள, அதனை மூன்றாமவர் எடுத்தாள, நாலாங் கையில் வந்து சேரும்போது மூல ஆசிரியர் சொல்லாத சொற்களும் அவர் வாயில் ஏறிவிடுகின்றன. நம் பரீட்சைக் கையேடுகளைப் புரட்டினால் இதற்குச் சான்று வேண்டிய அளவு கிடைக்கும்.

அடுத்த ஆண்டில் அவர் கலிங்கத்துப்பரணியை எடுத்துக்கொண்டார். அக்கட்டுரை வெளிவந்த சூழலும் கவனிக்கத்தக்கது. முதலாங் குலோத்துங்கன் தாய்வழியாற் சோழன், தந்தைவழியாற் கீழைச்சாளுக்கியன். வேங்கி நாட்டுச் செப்பேடுகள் அவன் மரபை ஒருபுறமாகக் கூற, சயங்கொண்டார் இராசபாரம்பரியம் பாடி அதே மன்னனை இன்னொருபுறமாகக் காட்டுகின்றார். அன்றைய ஆசிரியர் இருவருள் ஒருவரான பிளீற், கீழைச்சாளுக்கிய மன்னரின் கால வரிசையை ஆராய்ந்து எழுதிய தொடர்கட்டுரை அடுத்த ஆண்டிலே, அதே சஞ்சிகையில் வெளிவந்தது. அடுத்தடுத்த இரண்டு தொகுதிகளையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் படிப்போர், ஒரு தமிழ்ப் பரணியும் தெலுங்கு நாட்டுச் செப்பேடுகளும் ஒரே மன்னனைப் பற்றிச் சாட்சி கூறுவதைக் காண்பர். அச்சுவையை எந்தப் பாடநூலும் தராது.

இனி, வழியைக் கூறுவோம்.

களவழிக் கட்டுரைக்கு நூல்களிற் கிடைக்கும் குறிப்பு, உரோம இலக்கத்திற் பதினெட்டு, பக்கம் 258 என்றிருக்கும். ஆண்டு இராது. அதற்கு எளிய கணக்கொன்றுண்டு. தொகுதி எண்ணோடு 1871ஐக் கூட்டினால் ஆண்டு வரும். பதினெட்டோடு கூட்ட, 1889. பரணிக் கட்டுரை பத்தொன்பதாந் தொகுதி, பக்கம் 329, ஆண்டு 1890. முதற்றொகுதி முதல் ஈற்றுத் தொகுதி வரையும் இக்கணக்குப் பிசகுவதில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை வேண்டும். பம்பாயில் 1938 முதல் 1947 வரை ‘நியூ இந்தியன் அன்ரிக்குவரி’ என ஒன்று வெளிவந்தது; 1964இல் மூன்றாம் வரிசை என்று பழைய பெயரிலேயே மற்றொன்று தொடங்கியது. இம்மூன்றுக்கும் முதற்றொகுதி உண்டு. ஆகவே சிறிய தொகுதி எண்ணைக் காணுமிடத்து, அது எந்த வரிசைக்குரியது என்பதைக் குறிப்பெழுதிய நூலின் சுருக்க அட்டவணையிற் பார்த்துக்கொள்ளல் நன்று.

தொகுதியும் ஆண்டும் கையில் வந்தபின் எங்கே தேடுவது? அமெரிக்காவில் இயங்கும் ‘இன்ரநெற் ஆக்கைவ்’ என்னும் இலவச மின்னூலகமே முதலிடம். அங்குள்ள பிரதிகள் ஒரே ஊற்றிலிருந்து வந்தவையல்ல. சில மேல்நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களில் வருடப்பட்டவை. சில கூகிள் நிறுவனத்தார் வருடியவை. மிகப் பல, இரண்டாயிரத்தின் முற்பகுதியில் இந்தியாவிலே தொடங்கிய ‘டிஜிற்றல் லைப்ரரி ஒவ் இந்தியா’ என்னும் பெருந்திட்டத்திலே வருடப்பட்டவை. அத்திட்டத்தின் தளம் பின்னர்ச் செயலற்றுப்போனது. நல்லவேளையாக, அங்கிருந்த நூல்களிற் பெருந்தொகையானவை அதற்குள் ஆக்கைவில் ஏற்றப்பட்டுவிட்டன. புதுடில்லி மத்திய தொல்பொருளியல் நூலகத்தின் முத்திரை பதிந்த தொகுதிகளை அவற்றிடையே காணலாம். அந்நூலகத்தார் தம் நூல்களின் இறுதியில் ஒட்டும் சீட்டும் சேர்ந்தே வருடப்பட்டிருக்கும். மூடிவைத்த நூல் வெறுங் கட்டைக்கு ஒப்பு என்று கடன்பெறுவோர்க்கு நினைவூட்டும் சீட்டு அது. அதனை இன்று இணையத்திற் காண்போர் கடன்பெறுவோருமல்லர், நூலைக் கையிலே தொடுவோருமல்லர்.

அத்திட்டத்தினர் நூலை வருடுவதிற் காட்டிய விரைவைப் பதிவேடு எழுதுவதிற் காட்டவில்லை. ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘கிடைக்கவில்லை’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் நிற்கும். சஞ்சிகையின் பெயரில் ஓரெழுத்துத் தவறியிருக்கும். தொகுதி எண் ஓரிடத்தில் உரோம இலக்கமாகவும் ஓரிடத்திற் சாதாரண இலக்கமாகவும் இன்னோரிடத்தில் இல்லாமலும் இருக்கும். டெல்லி சுவாதி பதிப்பகத்தார் 1980களில் இச்சஞ்சிகையை மறுபதிப்புச் செய்தனர். அம்மறுபதிப்பு வருடப்பட்டிருப்பின், 1889ஆம் ஆண்டுத் தொகுதி தன்னை நூறாண்டு இளமையாகக் காட்டிக்கொண்டு நிற்கவும் கூடும். ஆகையால், ஒருமுறை தேடிக் கிடைக்கவில்லையென்று திரும்பிவிடலாகாது. சஞ்சிகைப் பெயரோடு தொகுதி எண்ணை இருவகை இலக்கத்திலும் இட்டும், எண்ணை விடுத்து ஆண்டை இட்டும், பர்ஜஸ், பிளீற், ரெம்பிள் என்னும் பெயர்களை இட்டும் மாறி மாறித் தேடல் வேண்டும். கட்டுரையின் தலைப்பைக்கொண்டோ கனகசபைப்பிள்ளையின் பெயரைக்கொண்டோ தேடுவது பெரும்பாலும் வீண்முயற்சி. பதிவேட்டில் முழுத் தொகுதிக்குத்தான் பெயருண்டு. உள்ளிருக்கும் கட்டுரைகளுக்கு இல்லை.

தொகுதி திறந்தபின்னரும் ஒரு சிறு தடை. திரையிலே காட்டப்படும் பட எண்ணும், தாளில் அச்சிட்ட பக்க எண்ணும் ஒன்றல்ல. அட்டை, முகப்பு, பொருளடக்கம், இடையிடையே எண்ணில்லாத படத்தாள்கள் என்பன சேர்ந்து, 258ஆம் பக்கத்தைப் பல படங்கள் அப்பாலே தள்ளிவிடும். ஒரு பக்கத்தைத் திறந்து அச்செண்ணைப் பார்த்து, வேறுபாட்டைக் கணித்து முன்னே செல்லுதலே விரைவான வழி. நூலினுள்ளே சொல்தேடும் வசதியை நம்புவோர் ஏமாறுவர். எழுத்துணரும் பொறி ஆங்கிலத்தைத் தக்கவாறு படிக்கின்றது. எழுத்துக்களின் மேலும் கீழும் புள்ளியும் கோடும் இட்டு எழுதிய தமிழ்ப் பெயர்களைக் கண்டதும் தடுமாறுகின்றது. நம் சிறப்பு ழகரம் அங்கு எந்தெந்த வேடம் பூண்டு வரும் என்று சொல்ல முடியாது. தேடியே தீரவேண்டுமாயின், அக்காலத்து ஆங்கில வழக்கில் ஊர்ப்பெயரை இட்டுத் தேடுதல் ஓரளவு பயன்தரும்: தஞ்சாவூரைத் ‘தஞ்சோர்’ என்றும், திருநெல்வேலியைத் ‘தின்னவெல்லி’ என்றும், காஞ்சிபுரத்தைக் ‘கொஞ்சீவரம்’ என்றும்.

சாசனங்களைத் தேடிச் செல்வோர்க்கு இன்னொரு சொல். இச்சஞ்சிகையின் உயிர்நிலை அதன் படத்தாள்கள். செப்பேட்டின் எழுத்தை உள்ளவாறே அச்சிட்ட அப்படங்கள் பல மடித்துச் செருகப்பட்டவை. அவசரமாக வருடியோர் மடிப்பை விரிக்காமலே அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிட்டனர். ஆதலாற் படத்தில் அரைப்பகுதிதான் தெரியும். சிலவேளை அதன் முதுகு மாத்திரமே. அப்பொழுது அதே தொகுதியின் வேறொரு பிரதியை நாடவேண்டும். ஒரே தொகுதிக்கு இரண்டு மூன்று பிரதிகள் இருப்பது வீண் பெருக்கமன்று என்பது அப்பொழுது தெரியும். ‘ஹாதிட்ரஸ்ற்’ என்னும் மற்றொரு களஞ்சியத்திலே தெளிவான பிரதிகள் உண்டு. ஆனால் பதிப்புரிமை பற்றிய அச்சத்தினால், அமெரிக்காவிலுள்ளோர்க்குத் திறக்கும் நூல்களுட் சில வெளிநாட்டார்க்குத் திறப்பதில்லை. மிகப் பழைய தொகுதிகளே நமக்கு அங்கு எளிதிற் கிடைக்கும்.

கையிலே குறிப்பு இல்லாது, தமிழைப் பற்றி இதில் என்னென்ன உண்டு என்று அறிய விரும்புவோர் எங்கே தொடங்குவது? ரெம்பிளுக்குப் பல ஆராய்ச்சிகளில் உறுதுணையாயிருந்த லவீனியா மேரி அன்ஸ்ரி என்னும் அம்மையார், முதல் ஐம்பது தொகுதிகளுக்கும் ஒரு சுட்டி தொகுத்தார். ஐம்பது ஆண்டுகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து, கையாலே எழுதிச் சேர்த்த சுட்டி. புகழ்பெற்ற கட்டுரையாளர் பலரைப் பற்றி எழுதுவோர் அவ்வம்மையாரை நினைப்பதில்லை. கட்டுரை எழுதியோர் தத்தமக்கு வேண்டியதையே எழுதினர். அவரோ பிறர்க்கு வேண்டியதைச் செய்தார். ரெம்பிள் தம் சஞ்சிகையின் வரலாற்றைத் தாமே எழுதி 1922இல் வெளியிட்ட ‘இந்தியன் அன்ரிக்குவரியின் ஐம்பது ஆண்டுகள்’ என்னும் சிறுநூலையும் உடன்வைத்துப் படிக்கலாம்.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஓரிடத்திலே ஒரு பிரதியாய் இருக்கும் நூலுக்கு ஒரு தீக்குச்சி போதும் என்பதை உலகில் வேறெவரையும்விட நாம் நன்கறிவோம். 2005இல் ஈழத்து இளைஞர் சிலர் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, நம் நாட்டு நூல்களையும் பத்திரிகைகளையும் வருடி எவரும் படிக்க வைத்தமைக்கு அந்த நெருப்பின் நினைவும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது. அங்கு நம்மவரே நூல் ஒவ்வொன்றுக்கும் தமிழிற் பதிவு எழுதுகின்றனர். தேடுவோன் தமிழிலே தேடித் தமிழிலே கண்டடைகின்றான். பம்பாய்ச் சஞ்சிகைக்கு அத்தகைய தமிழ்ப் பதிவு இருந்தால் நம் மாணாக்கர் எத்துணை எளிதில் அதனுட் புகுவர்!

அது செய்தற்கரிய காரியமன்று. கல்லூரித் தமிழ் மன்றம் ஒன்று, உயர்வகுப்பு மாணவர் ஒருவருக்கு ஒரு தொகுதியாகப் பகிர்ந்து கொடுக்கட்டும். ஒவ்வொருவரும் தம் தொகுதியின் பொருளடக்கத்தைப் படித்து, தமிழ், தமிழ்நாடு, இலங்கை பற்றிய கட்டுரைகளின் பெயர், ஆசிரியர், பக்கம், இரண்டுவரிச் சுருக்கம் ஆகியவற்றை எழுதட்டும். நல்ல பிரதி எங்கேயிருக்கிறது, எந்தப் படத்தாள் மடிந்து கிடக்கிறது என்பதையும் குறிக்கட்டும். ஒரு தவணையில் முடிக்கக்கூடிய வேலை. அதனைச் செய்யும் மாணவன், அடிக்குறிப்பு என்பது அலங்காரமன்று, ஒரு முகவரி என்பதைத் தன் கையாலேயே அறிந்துகொள்வான். சர்வகலாசாலையிலே மூன்றாண்டு கற்றும் அதனை அறியாது வெளியேறுவோர் உண்டு.

கனகசபைப்பிள்ளையின் மூன்று கட்டுரைகளுள் இரண்டைப் பற்றித்தான் மேலே கூறினோம். மூன்றாவது ஒட்டக்கூத்தரின் விக்கிரமசோழனுலாவைப் பற்றியது. இருபத்திரண்டாந் தொகுதியில், 141ஆம் பக்கத்திலே தொடங்குகின்றது. ஆண்டை வாசகர் தாமே கூட்டிக்கொள்ளலாம்.